விடை தெரியாத கேள்வியோடு வாருங்கள்

டீ வருவதற்குள் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். 15 வயதுப் பிள்ளைக்கு டால்ஸ்டாயும் சோஃபக்ளீஸும் புரியுமா? புரியும். புரியவில்லை என்றால் பெரும்பாலும் அது பிள்ளையின் குறை இல்லை, நாம் கொடுத்த விதத்தின் குறை. ஆசிரியர் குறிப்பு, கதைச் சுருக்கம், பாத்திரப் படைப்பு, மையக்கருத்து என்று நான்கு தலைப்பில் எழுதிப்போட்டு, அதையே தேர்வுத்தாளில் திருப்பி வாங்கிக்கொண்டால் 'போரும் வாழ்வும்' நாவல்கூட கைடு புத்தகமாகிவிடும். அந்தப் பிள்ளை படித்தது நம் குறிப்பை. டால்ஸ்டாயை அவன் இன்னும் தொடவே இல்லை.

இதற்கு மாற்று ஒன்றும் ரகசியமில்லை. வட்டமாக உட்காருங்கள், படித்ததைப் பற்றிப் பேசுங்கள், பேச்சில் எது மனதைக் குடைகிறதோ அதை எழுதுங்கள். அவ்வளவுதான். ஆனால் செய்து பார்க்கும்போது முக்கால்வாசிப் பேர் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். தங்களுக்கு ஏற்கெனவே விடை தெரிந்த கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். "இந்த நாடகம் உணர்த்தும் நீதி என்ன?" என்று ஆரம்பித்த மாத்திரத்தில் பிள்ளைகள் புத்தகத்தைப் பார்ப்பதை விட்டு ஆசிரியரின் முகத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். சார் மனதில் என்ன வைத்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். எல்.கே.ஜி.யிலிருந்து அதைத்தானே பழகியிருக்கிறார்கள்? நான் சொல்ல வருவது இந்த ஒன்றுதான்: கேட்பவருக்கே விடை தெரியாத கேள்வி வேண்டும். அது இல்லாமல் விவாதம் இல்லை, அந்த விவாதம் இல்லாமல் கட்டுரையும் இல்லை.

இதை ஒரு முறையாக வகுத்து நடத்திக் காட்டிய இடங்கள் சில அமெரிக்காவில் இருக்கின்றன. ஸ்டாண்டர்ட் ஆயில் சொத்துக்கு வாரிசான எட்வர்ட் ஹார்க்னெஸ் என்பவர் 1930இல் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள பிலிப்ஸ் எக்ஸிடர் அகாடமிக்குப் பெரிய நன்கொடை ஒன்று கொடுத்தார். கட்டடம் கட்ட மட்டும் என்று கொடுத்ததல்ல. கற்பிக்கும் முறையே மாறவேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஒரு மேசையைச் சுற்றிச் சில மாணவர்கள், அவர்களோடு ஆசிரியர், சுமாராகப் படிக்கும் பையனும் வாயைத் திறக்கத் துணியும்படியான ஓர் அறை. அப்படி வந்ததுதான் ஹார்க்னெஸ் மேசை. நீள்வட்டமானது, சுமார் 12 பேர் உட்காரலாம். நீள்வட்டத்தில் கடைசி பெஞ்ச் என்று ஒன்று கிடையாது. எல்லாருக்கும் எல்லார் முகமும் தெரியும். இன்றும் அங்கே கணக்குப் பாடம்கூட அந்த மேசையில்தான்.

1937இல் மேரிலாந்தின் அனாபொலிஸ் நகரில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி தன் பாடத்திட்டத்தையே புத்தகப் பட்டியலாக மாற்றிக்கொண்டது. அங்கே பேராசிரியர் என்ற பட்டம் இல்லை, எல்லாரும் டியூட்டர்கள். செமினாரில் மாணவர்களும் ஒருவரையொருவர் மிஸ்டர், மிஸ் போட்டுத்தான் அழைத்துக்கொள்கிறார்கள். டியூட்டர் ஒரு கேள்வியை வைப்பார், பிறகு பேச்சு அதன் போக்கில் போகும். பத்து வருடம் கழித்து, 1947இல், ராபர்ட் ஹட்சின்ஸும் மார்ட்டிமர் ஆட்லரும் சிகாகோவில் கிரேட் புக்ஸ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். ஊர் ஊராக வாசிப்புக் குழுக்கள், பிற்பாடு பள்ளிப் பிள்ளைகளுக்கான குழுக்களும். அவர்களின் விதிகள் கறாரானவை. படிக்காமல் வந்தவர் பேசக் கூடாது. படித்த நூலை விட்டு வெளியே போகக் கூடாது. கருத்து சொன்னால் நூலில் இடம் காட்டவேண்டும். கடைசி விதிதான் முக்கியம்: நடத்துபவர் கேள்வி மட்டுமே கேட்கலாம், விடை சொல்லக் கூடாது.

முறை நன்று. பட்டியலைப் பற்றி எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. ஆட்லர் கூட்டம் 1952இல் பிரிட்டானிக்கா வழியாக வெளியிட்ட 54 தொகுதிகளில் ஒரு பெண் எழுத்தாளர்கூட இல்லை. ஜேன் ஆஸ்டினும் வர்ஜீனியா வுல்ஃபும் உள்ளே வர 1990 பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆசியாவிலிருந்து எதுவும் இல்லை. தலைப்பிலேயே மேற்குலகம் என்று போட்டுக்கொண்டதால் அதற்குச் சண்டை பிடிக்க முடியாது. முறையை எடுத்துக்கொள்வோம், பட்டியலை அலமாரியிலேயே விட்டுவிடுவோம்.

டீ வந்துவிட்டது. இனி ஒரு நூலை எடுத்து வைத்துக்கொண்டு பேசலாம். நான் எப்போதும் எடுப்பது சோஃபக்ளீஸின் 'ஆன்டிகனி'. கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் நடிக்கப்பட்டது என்பது பொதுவான கணிப்பு. 1,350 வரிகளுக்குச் சற்றுக் கூடுதல், ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்தில் படித்துவிடலாம். பெரிய நாவலில் முதல் மூன்று அத்தியாயத்தை மட்டும் படிப்பதைவிட, சிறிய ஒன்றை முழுதாகப் படிப்பது நல்லது. முடிவு தெரியாதவனோடு விவாதிக்க முடியாது.

கதை இதுதான். ஈடிபஸின் பிள்ளைகள் நால்வர். மகன்கள் இருவரும் தீப்ஸ் நகரின் ஆட்சிக்காகச் சண்டையிட்டு, ஒருவர் கையால் ஒருவர் சாகிறார்கள். அரியணை ஏறும் கிரியோன், நகரத்தைக் காத்து நின்றவனுக்கு மரியாதையோடு அடக்கம் என்றும், அந்நியப் படையோடு வந்த பாலினைசிஸின் உடலை நாய்க்கும் பறவைக்கும் விடவேண்டும், தொட்டவருக்கு மரணம் என்றும் ஆணையிடுகிறான். தங்கை ஆன்டிகனி ஆணையை மீறி அண்ணன் உடல்மேல் மண் தூவுகிறாள். அவளைக் குகைக்குள் வைத்து உயிரோடு அடைக்கிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. கிரியோன் ஆன்டிகனியின் அம்மாவுடைய தம்பியோ அண்ணனோ, எப்படியும் தாய்மாமன். அவன் மகன் ஹெய்மன்தான் அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன், அதாவது முறைமாப்பிள்ளை. ஐரோப்பிய வகுப்பறையில் இந்த உறவைப் பலகையில் படம் போட்டு விளக்கவேண்டும். இங்கே "மாமாவா இப்படிச் செய்கிறார்?" என்று பிள்ளைகளே கொதிப்பார்கள். செத்தவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் சாவு வீடு பார்த்த எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடவே ஒரு தொல்லையும் வரும். பத்தாவது நிமிடம் யாராவது ஒருவர் கண்ணகியை இழுத்துவருவார். நான் அதை ஓரமாக ஒரு தாளில் குறித்துவைத்துக்கொண்டு அப்புறம் பார்க்கலாம் என்பேன். கண்ணகி நடந்துவிட்ட அநீதிக்கு நியாயம் கேட்டுப் போகிறவள். ஆன்டிகனி தடுக்கப்பட்ட ஒரு கடமையைச் செய்யப் போகிறவள். ஒப்பிட்டுவிட்டால் இரண்டும் புரிந்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி வரும், அதுதான் ஆபத்து.

சரி, என்ன கேட்பது? "ஆன்டிகனி செய்தது சரியா?" என்று கேட்டால் எல்லாரும் சரி என்பார்கள். ஐந்து நிமிடத்தில் பேச்சு செத்துவிடும். கேள்வியை நாடகத்தின் மடிப்புகளுக்குள் தேடவேண்டும். பாருங்கள், அந்த உடல்மேல் இரண்டு தடவை மண் விழுகிறது. முதல் தடவை யாரும் பார்க்கவில்லை. காவலாளி ஓடிவந்து சொல்லும்போது மண் தூவியாகிவிட்டது, ஆளைக் காணோம். காவலர்கள் அந்த மண்ணைத் துடைத்துவிட்டு, நாற்றம் வராத பக்கமாக மேட்டில் உட்கார்ந்து காவல் இருக்கிறார்கள். நண்பகலில் புழுதிக்காற்று அடிக்கிறது. அது அடங்கும்போது ஆன்டிகனி அங்கே நிற்கிறாள், மறுபடி மண் தூவுகிறாள், பிடிபடுகிறாள். சடங்கு ஒரு தடவை செய்தால் போதும் என்றால் அவள் ஏன் திரும்பி வந்தாள்? பிடிபடவேண்டும் என்றா? முதல் தடவை வந்தது அவள்தானா? அறிஞர்கள் நூறு வருடத்துக்கு மேலாக இதில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் சகோதரி இஸ்மினி என்றவர் உண்டு, தெய்வச் செயல் என்றவர் உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி "அண்ணன் மேலிருந்து மண்ணைத் துடைத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் திரும்ப வராமல் என்ன செய்வாள்?" என்று கேட்டால் அதுவும் அந்த வரிசையில் சேரத் தகுந்த விடைதான்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி நாடகத்தின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. கண் தெரியாத தீர்க்கதரிசி டைரீசியஸ் வந்து எச்சரித்துவிட்டுப் போன பிறகு கிரியோன் ஆடிப்போகிறான். என்ன செய்யட்டும் என்று கேட்கிறான். முதியோர் குழு சொல்லும் யோசனையில் வரிசை தெளிவாக இருக்கிறது: பெண்ணைக் குகையிலிருந்து விடுவி, கிடக்கும் உடலுக்குக் கல்லறை எழுப்பு. அவனும், கட்டியவன் நானே, அவிழ்ப்பவனும் நானே என்கிற பொருளில் பேசிவிட்டுப் புறப்படுகிறான். ஆனால் தூதன் வந்து விவரிக்கும்போது பார்த்தால் அவன் முதலில் போனது உடல் கிடந்த இடத்துக்கு. கழுவி, எஞ்சியதை எரித்து, மண்மேடு எழுப்பிவிட்டு அப்புறம்தான் குகைக்கு. அங்கே அவள் தூக்கில் தொங்குகிறாள். ஹெய்மன் அப்பன்மேல் வாளை வீசி, அது தவறி, அதே வாளால் தன்னையே குத்திக்கொள்கிறான். செய்தி கேட்ட தாயும் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய் உயிரை விடுகிறாள்.

கிரியோன் ஏன் வரிசையை மாற்றினான்? இதற்கு நாடகம் விடை சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன்.

முதலில் மௌனம் வரும். பயப்படாதீர்கள். 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, அறிவியல் வகுப்புகளைக் கவனித்து ஒரு விஷயத்தைக் கண்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு வினாடிதான். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டினாலே விடைகள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். இலக்கிய வகுப்புக்கு மூன்று வினாடி போதாது. தட்டில் இருக்கும் பிஸ்கட்டை எடுத்துக் கடியுங்கள், உங்கள் வாய் சும்மா இருக்கும்.

பிறகு ஒரு குரல் வரும். "அவனுக்கு அவளைவிட ஊர்தான் முக்கியம். தீட்டு ஊருக்கு வந்திருக்கிறது, அதை முதலில் நீக்குகிறான்." எங்கே இருக்கிறது என்று கேட்பேன். பக்கம் புரளும். ஊரைவிட உறவைப் பெரிதாக நினைப்பவன் ஒன்றுக்கும் ஆகாதவன் என்று கிரியோன் தன் முதல் பேச்சிலேயே சொல்லியிருப்பது கிடைக்கும். இன்னொரு பையன்: "அதெல்லாம் இல்லை, அவள் முகத்தில் விழிக்க வெட்கம். வேலையை முடித்துவிட்டால் போய் நிற்கலாம்." இடம் காட்டு. அவனால் நேராகக் காட்ட முடியாது. அதற்காக அது தப்பு என்றும் ஆகாது. இந்த நேரத்தில், இதுவரை பேசாத ஒருவர் வேறொரு பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். அவளைக் குகையில் அடைக்கும்போது, பட்டினிபோட்டுக் கொன்ற பழி ஊருக்கு வராதபடி கொஞ்சம் உணவு வைக்கச் சொல்லியிருக்கிறான் கிரியோன். "சாப்பாடு இருக்கிறது, அவள் காத்திருப்பாள் என்று நினைத்திருக்கலாம்." மேசை திரும்பிப் பார்க்கும். வகுப்பில் நான் வேண்டுவது இந்தத் திரும்பிப் பார்த்தலைத்தான்.

பேச்சு நடக்கும்போது நீங்கள் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. தாளில் ஒரு நீள்வட்டம் போட்டு, சுற்றிப் பெயர்களை எழுதி, யார் பேசியபின் யார் பேசினார் என்று கோடு இழுத்துக்கொண்டே வாருங்கள். ஹார்க்னெஸ் வகுப்புகளில் இது சாதாரணப் பழக்கம். முடிவில் எல்லாக் கோடும் உங்களிடம் வந்து போயிருந்தால் நடந்தது விவாதம் இல்லை, கேள்வி-பதில். கோடுகள் உங்களைச் சுற்றிக்கொண்டு போயிருந்தால் நல்லது. அந்தப் படத்தைப் பிள்ளைகளிடமே காட்டுங்கள். ஓயாமல் பேசுகிறவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டியிருக்காது, அவன் பெயரிலிருந்து கிளம்பும் கோடுகளை அவனே எண்ணிக்கொள்வான்.

வரலாற்றுப் பின்னணியை எப்போது சொல்வது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு: முதலில் சொல்லாதீர்கள். துரோகிகளுக்குத் தன் மண்ணில் அடக்கம் இல்லை என்ற வழக்கம் ஏதென்ஸிலேயே இருந்தது. அதைத் தொடக்கத்தில் சொன்னால் அது தேர்வுக்கான குறிப்பு. எல்லாரும் கிரியோனைக் கொடுங்கோலன் என்று தீர்ப்பெழுதி முடித்த வேளையில் சொன்னால் அது வெடி. ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இந்த நாடகத்தை நடித்தபோது நெல்சன் மண்டேலா போட்ட வேடம் கிரியோன் என்பதையும் அப்போதுதான் அவிழ்ப்பேன். ஆன்டிகனியைக் கோவில் கட்டிக் கும்பிடும் பிள்ளைகளுக்கு வேறொரு மருந்து இருக்கிறது. சாகப் போகுமுன் அவள், கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ என்றால் இதைச் செய்திருக்கமாட்டேன், பெற்றோர் போனபின் இன்னொரு அண்ணன் கிடைக்கமாட்டான் என்பதால்தான் செய்தேன் என்கிறாள். தெய்வ நீதிக்காக நின்றவள் என்று நம்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். ஜெர்மன் கவிஞர் கதேக்கும் இது பொறுக்கவில்லை. அந்த வரிகள் இடைச்செருகல் என்று யாராவது அறிஞர் நிரூபித்தால் தேவலை என்று 1827இல் நண்பர் எக்கர்மனிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அரிஸ்டாட்டிலே அந்த இடத்தை எடுத்துக்காட்டியிருக்கிறார், அதனால் எளிதாகத் தள்ள முடியாது.

இனி கட்டுரை. பலர் விவாதத்தை ஒரு நாள் நடத்திவிட்டு, அடுத்த வாரம் "ஆன்டிகனியின் பாத்திரப் படைப்பை விளக்குக" என்று தலைப்புக் கொடுக்கிறார்கள். மேசையில் மூண்ட நெருப்பில் தண்ணீரை ஊற்றும் வேலை. கட்டுரை அந்தச் சண்டையின் தொடர்ச்சியாக இருக்கவேண்டும். எழுந்து போவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, "இன்று யார் சொன்னதை உன்னால் ஏற்க முடியவில்லை? அதை ஒரு வாக்கியத்தில் எழுது" என்று கேட்டு வாங்கிவிடுங்கள். விதை அதில் இருக்கும்.

விதையைச் சோதிக்க ஒரே கேள்வி: இதே மேசையில் உட்கார்ந்திருக்கும் புத்தியுள்ள ஒருவர் இதை மறுக்க முடியுமா? "ஆன்டிகனி துணிச்சலான பெண்" என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள், ஆகவே அதில் கட்டுரை இல்லை. "கிரியோன் மனம் மாறவில்லை, பயந்தான், உடலிடம் முதலில் போனதே அதற்குச் சாட்சி" என்றால் மறுக்கலாம். அங்கே ஒரு கட்டுரை இருக்கிறது. இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு மாணவி முதல் படியை எப்படித் தொடங்குவாள் தெரியுமா? சோஃபக்ளீஸ் பண்டைய கிரேக்கத்தின் புகழ்பெற்ற நாடகாசிரியர்களுள் ஒருவர் ஆவார், அவர் பல நாடகங்களை இயற்றியுள்ளார். பழக்கதோஷம். திட்டாதீர்கள். முதல் பத்தியை அடித்துவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பத்துக்கு எட்டுக் கட்டுரை அங்கேதான் தொடங்கும்.

நான் வலியுறுத்துவது இரண்டு விஷயம். கதையைச் சொல்லாதே, படித்தவனுக்காகத்தான் எழுதுகிறாய். எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு எழுது. இந்த இரண்டாவதைச் சோதிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். மேசையில் எதிர்க்கட்சி பேசிய பையனிடமே அந்தப் பத்தியைக் கொடுத்து, "நீ சொன்னது இதுதானா?" என்று கேட்கவேண்டும். அவன் ஆமாம் என்றால் மேலே போகலாம். இல்லை என்றால் அவனிடமே கேட்டுத் திருத்தவேண்டும். அவனைவிடக் கடுமையான திருத்துநர் கிடைக்கமாட்டார்.

அமெரிக்கப் பள்ளிகளில் ஐந்து பத்திச் சட்டகம் ஒன்று உண்டு. முன்னுரை, மூன்று காரணம், முடிவுரை. நம்மூர்க் கட்டுரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. 13 வயதில் அது ஊன்றுகோல், இருக்கட்டும். 16 வயதிலும் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் எல்லா எண்ணமும் மூன்று காரணமாகவே வரும். பிடுங்கிவிடுங்கள்.

திருத்துவதில் சிவப்பு மையை அள்ளித் தெளிக்க வேண்டாம். ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள், அதுவும் உங்களுக்கு உண்மையாகவே எழுந்த கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் விதமாக மறுபடி எழுதி வரட்டும். எழுத்துப்பிழை இரண்டாம் படியில். ஆக்ஸ்ஃபர்டின் பழைய டியூட்டோரியல் வழக்கப்படி மாணவர் தன் கட்டுரையை ஆசிரியர் முன் சத்தமாகப் படிக்கவேண்டும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தான் எழுதிய பொய்யான வாக்கியத்தை வாயால் படிக்கும்போது பிள்ளையின் குரலே இறங்கிவிடும். வெளியிலிருந்து யாரும் சொல்லவேண்டியதில்லை.

கணினியே கட்டுரை எழுதித் தருகிற காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: "ஆன்டிகனி - ஒரு திறனாய்வு" என்று கேட்டால் அது எழுதும். மேசையில் அந்தச் சாப்பாட்டு வரியைக் கண்டுபிடித்தவளுக்கு எதிராக நீ என்ன வாதம் வைக்கிறாய் என்பதற்கு நீதான் உட்கார்ந்து யோசிக்கவேண்டும். மொழி பற்றியும் கேட்கிறார்கள். தமிழில் பேசட்டும், எந்த மொழியில் வசதியோ அதில் எழுதட்டும். ஆங்கிலத்தில் பேசவைத்தால் நன்றாக யோசிக்கிற பாதிப் பேர் ஊமையாகிவிடுவார்கள்.

ஆன்டிகனி வேண்டாம் என்றால் வேறு இருக்கிறது. சிறிய பிள்ளைகளுக்கு டால்ஸ்டாயின் 'ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை?', 1886இல் வந்தது. நீதி வெளிப்படையாக இருப்பதால் அதைப் பற்றிக் கேட்காதீர்கள். அடுப்புக்குப் பின்னால் இருந்த சாத்தான்தான் எல்லாவற்றையும் தூண்டிவிட்டான் என்றால் பாஹோம் மேல் குற்றம் எவ்வளவு என்று கேளுங்கள். செகாவின் 'பந்தயம்' கதையில், 15 வருடம் அடைந்து கிடந்தவன் கெடு முடிய ஐந்து மணி நேரம் இருக்கும்போது ஏன் வெளியேறினான் என்பதைவிட, அவன் எழுதிவைத்த கடிதத்தை வங்கிக்காரர் பூட்டிவைத்தது ஏன் என்பது நல்ல கேள்வி. 'குட்டி இளவரசன்', காம்யுவின் 'அந்நியன்' இரண்டும் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வந்தவை, க்ரியா வெளியீடு. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. 17 வயதுக்கு முன் அவசரப்பட வேண்டாம்.

பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. நான்கைந்து பிள்ளைகள், ஆளுக்கு ஒரு பிரதி, சாப்பாட்டு மேசை போதும். ஆன்டிகனிக்கு ஜெப் என்ற அறிஞர் 19ஆம் நூற்றாண்டில் செய்த ஆங்கில உரைநடை மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் பிள்ளைகளைக் கூப்பிடுவதற்கு முன் நீங்கள் இரண்டு தடவை படியுங்கள். உங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வியை ஒரு துண்டுத்தாளில் எழுதி வையுங்கள். அப்படி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை விட்டுவிட்டு வேறு புத்தகம் எடுங்கள்.